பொதுக்கொள்கை முதுமாணி: கொழும்பில் பாடநெறி தேடுவதிலிருந்து ஆய்வேடு கட்டுவது வரை

வணிக நிர்வாக முதுமாணியும் பொது நிர்வாக முதுமாணியும் ஆங்கிலச் சுருக்கத்தில் ஓர் எழுத்தால் வேறுபடும். தமிழில் எழுதினால் இரண்டும் எம்.பி.ஏ. தான், பேசும்போதும் பெரிதாக வித்தியாசம் கேட்காது. ஆகவே தொலைபேசியில் விசாரிக்கும்போது பட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சுருக்கிக் கேட்டால் மறுமுனையில் இருப்பவர் வணிக நிர்வாகத்தின் கட்டணத்தையும் விண்ணப்ப முடிவுத் திகதியையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

இந்தத் துறையில் மூன்று பெயர்கள் புழங்குகின்றன. பொது நிர்வாகம் அரச இயந்திரத்தைப் படிப்பது: சட்டம், தாபனம், நிதிப்பிரமாணம், ஆளணி. பொது முகாமைத்துவம் அதே இயந்திரத்தை நன்றாக ஓட்டுவது பற்றியது: திட்ட முகாமைத்துவம், செயலாற்றுகை அளவீடு, மனிதவளம். பொதுக்கொள்கை என்பது அரசு எதைச் செய்ய வேண்டும், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று கணக்குப் பார்ப்பது. பொருளியலும் புள்ளிவிபரவியலும் அதன் இரண்டு கால்கள். பிரதேச செயலகத்தில் வேலை பார்ப்பவருக்கு முதல் இரண்டும் நேரடியாக உதவும். ஆய்வு நிறுவனம், திறைசேரி, சர்வதேச அமைப்பு என்று போக நினைப்பவருக்கு மூன்றாவது.

ஆனால் பெயரை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பாடத்திட்டத்தை எடுத்துவைத்துப் பென்சிலால் எண்ணுங்கள். பொருளியல், புள்ளிவிபரம், கொள்கைப் பகுப்பாய்வு ஆகியவற்றில் எத்தனை பாடம்? நிறுவன நடத்தை, தலைமைத்துவம், மனிதவளத்தில் எத்தனை? பெயரில் "கொள்கை" என்று இருந்து, அளவுசார் பாடம் ஒன்றே ஒன்று என்றால் அது முகாமைத்துவப் பாடநெறிதான். அதில் தவறில்லை, தெரிந்துகொண்டு சேர வேண்டும், அவ்வளவுதான்.

நிலையும் மணித்தியாலமும்

கட்டணத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் இந்தப் பட்டம் எந்த நிலை என்பது. பாடங்களால் மட்டும் பெறும் முதுமாணி 9ஆம் நிலை. குறைந்தது 30 கிரெடிட். ஆய்வுப் பகுதியோடு சேர்ந்த முதுமாணி 10ஆம் நிலை. 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் நிலை, 25 கிரெடிட். இடையில் நிறுத்த வேண்டி வந்தால் டிப்ளோமாவோடு வெளியேற வழி இருக்கிறதா என்றும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். பின்னாளில் கலாநிதிப் பட்டம் வரை போகும் எண்ணம் துளியேனும் இருந்தால் 10ஆம் நிலையையே எடுங்கள். 9ஆம் நிலையோடு போய் நின்றால் ஆய்வு அனுபவம் எங்கே என்ற கேள்வி வரும்.

கிரெடிட் என்பது நேரக் கணக்கு. பாடத்துக்கு ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம், ஆய்வுக்கு 100. அப்படியானால் 60 கிரெடிட் பட்டத்தில் 45 பாடக் கிரெடிட் 2,250 மணித்தியாலம், 15 ஆய்வுக் கிரெடிட் 1,500, மொத்தம் 3,750. இரண்டு ஆண்டுக்குப் பிரித்தால் கிழமைக்கு 36 மணித்தியாலம். கொழும்பில் பெரும்பாலான வகுப்புகள் சனி, ஞாயிறுகளில் நடப்பதால் "வார இறுதிப் படிப்புத்தானே" என்று சேருகிறார்கள். வகுப்பு அந்த 36இல் ஒரு பங்குதான். மிச்சம் வாசிப்பு, ஒப்படை, ஆய்வு. முழுநேர வேலையோடு, வகுப்புக்கு வெளியே கிழமைக்கு 15 மணித்தியாலமாவது ஒதுக்க முடியாதவர் ஒரு வருடம் தள்ளிப்போடுவது நல்லது.

அரச உத்தியோகத்தருக்கு இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பை எடுத்து, பதவி உயர்வுக்கு எந்தத் துறையில், எந்த நிலையில் உள்ள பட்டம் ஏற்கப்படும் என்று பாருங்கள். அதற்குப் பிறகு பாடநெறியைத் தேடுங்கள். தலைகீழாகச் செய்தவர்கள் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாபனக் கிளையோடு கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டி வரும்.

எங்கே

கொழும்பு 7, மலலசேகர மாவத்தையில் உள்ள இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவகம் 1982ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. நிர்வாக சேவை அதிகாரிகள் பயிற்சி பெறும் இடம் என்பதால் பொது முகாமைத்துவ முதுமாணி வகுப்பில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரும் அரச உத்தியோகத்தராகவே இருக்கக்கூடும். அது பலமும்தான், பலவீனமும்தான்: நடைமுறை அறிவு கொட்டிக்கிடக்கும், அரசை வெளியிலிருந்து பார்க்கும் கண் குறையும். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தோடு இணைந்த முகாமைத்துவப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் பொரளைப் பக்கம், கொழும்பு 8இல் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு எம்.பி.ஏ.க்களும் அங்கே உண்டு, குழப்பமும் அங்கேதான் அதிகம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பொருளியல், அரசறிவியல் துறைகளும் பட்டக்கற்கைகள் பீடமும் பார்க்க வேண்டியவை. நாவலயில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம் தூரத்தில் இருப்பவருக்கு வசதி. ஆனால் தொலைக்கல்வியில் ஒழுங்கை நீங்களே கொண்டுவர வேண்டும். எல்லாப் பாடநெறிக்கும் ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பம் கோருவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

வெளிநாட்டுப் பட்டத்தை உள்ளூரில் தரும் தனியார் நிறுவனம் என்றால், சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பெயரை வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். "அங்கீகாரம் பெற்றது" என்ற விளம்பர வரியில் யாருடைய அங்கீகாரம் என்பது இருக்காது.

வெளிநாடு போக நினைப்பவருக்குச் சுருக்கமாக: செவனிங் புலமைப்பரிசில் ஐக்கிய இராச்சியத்தில் ஓராண்டு முதுமாணிக்கானது, 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் தாய்நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் புல்பிரைட். அரச உத்தியோகத்தருக்கு ஜப்பானின் ஜே.டி.எஸ். புலமைப்பரிசில் திட்டம் தனி வாசல். மூன்றிலும் விண்ணப்பத்தைக் கவிழ்ப்பது பெறுபேறு அல்ல, "நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்ற வகையான கட்டுரைதான். எந்தத் திணைக்களத்தில், எந்தச் சிக்கலை, எந்தத் திறமையால் தீர்ப்பீர்கள் என்று மூன்று வாக்கியத்தில் சொல்ல வராவிட்டால் இன்னும் விண்ணப்பிக்கும் நேரம் வரவில்லை.

கோப்பு

பட்டச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி, பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, இரண்டு பரிந்துரையாளர், வேலை அனுபவக் கடிதம், அரச உத்தியோகத்தர் என்றால் திணைக்களத் தலைவரின் சம்மதம். வழக்கமாகக் கேட்பது இவ்வளவுதான். இதில் தாமதம் வரும் இடம் பெறுபேற்றுப் பத்திரம். யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படித்தவர், அது பதிவாளர் அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் நேரடியாக வர வேண்டும் என்று கேட்டால் ஆறு கிழமை முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மேலதிகப் பிரதி சேர்த்து எடுங்கள்.

பெயர் அடுத்த பொறி. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் முன்னால் முழுசாக, அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும், பட்டச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்துக் கூட. தமிழ்ப் பெயருக்கு இது வழமை. விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் எழுதுவினைஞருக்கு அது மூன்று ஆள். எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். அவர்கள் கேட்கும் வரை காத்திருந்தால் நேர்முகப் பரீட்சைத் திகதி போய்விடும்.

கட்டணத்தை விசாரிக்கும்போது மொத்தத் தொகையோடு நிற்காதீர்கள். மீள்பரீட்சைக் கட்டணம், ஆய்வேட்டு மேற்பார்வைக் கட்டணம், காலம் தாண்டினால் ஒவ்வோர் ஆண்டுக்குமான பதிவு நீடிப்புக் கட்டணம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். நீடிப்புக் கட்டணமே பலருடைய மூன்றாம் தவணைப் பணமாக மாறிவிடுகிறது.

மொழியும் கணக்கும், சேருவதற்கு முன் மூன்று மாதம்

தமிழ்மொழி மூலம் பட்டம் பெற்றவர் ஆங்கிலமொழி வகுப்பில் திணறுவது இலக்கணத்தால் அல்ல, துறைச் சொற்களால். இதற்கு மலிவான மருந்து ஒன்று இருக்கிறது. பாராளுமன்றச் சட்டங்கள் மூன்று மொழியிலும் வெளியாகின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கம் பக்கமாக வைத்து, நாளுக்கு இரண்டு பிரிவு வாசித்துச் சொற்பட்டியல் எழுதுங்கள். அடுத்து 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கப் பகிரங்க நிதி முகாமைத்துவச் சட்டம். அரச மொழிபெயர்ப்புத் தமிழ் சில இடங்களில் சிரிப்பு மூட்டும். அந்த இடங்கள்தான் மறக்காமல் நிற்கும். பிறகு கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கை ஒன்றை எடுத்து, அதிலுள்ள ஒரு கண்டறிதலை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குச் சுருக்குங்கள். கிழமைக்கு ஒன்று, பன்னிரண்டு முடிந்தால் முதல் அரையாண்டைத் தாண்டிவிடலாம்.

கணக்கில் வேண்டியது அதிகமில்லை, ஆனால் அது கட்டாயம் வேண்டும்: சதவீதம், மடக்கை, சாய்வு, கழிவிடல் (நாளைய பணத்தின் இன்றைய பெறுமதியைக் கணிப்பது), பிற்செலவு (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணிப்பது, ஆங்கிலத்தில் regression). கழிவிடலுக்கு ஓர் உதாரணம். ஐந்து ஆண்டுக்குப் பின் கிடைக்கும் 100 மில்லியன் ரூபா, 10 சதவீதக் கழிவு வீதத்தில் இன்று 62.1 மில்லியன், 5 சதவீதத்தில் 78.4 மில்லியன். வீதத்தை மாற்றினால் ஒரே திட்டம் லாபமாகவும் நட்டமாகவும் தெரியும். செலவு நன்மைப் பகுப்பாய்வைக் கொண்டுவந்து நீட்டுகிறவரிடம் முதலில் வீதத்தைக் கேட்கும் பழக்கம் இங்கிருந்துதான் வர வேண்டும்.

சதவீதம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. சாதாரணக் கணக்கில் இது 291 சதவீத உயர்வு. நெகிழ்ச்சியை, அதாவது விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதை, கணிக்கப் பாடநூல்கள் சொல்லும் நடுப்புள்ளி முறையில், 253ஐ இரண்டு விலைகளின் சராசரியான 213.50ஆல் வகுக்க, 118.5 சதவீதம். இரண்டும் பிழையல்ல. எதைப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லாமல் விட்டால் விடைத்தாளில் புள்ளி போகும். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஒற்றை நெகிழ்ச்சி எண் பொருந்துமா என்றும் கேட்டால் கூடுதல் புள்ளி வரும். மென்பொருளுக்கு ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருள் போதும். இலவசம், திருட்டுப் பிரதி தேடி அலைய வேண்டியதில்லை.

கொள்கைக் குறிப்பு எழுதப் பழக 2021இன் இரசாயன உர இறக்குமதித் தடை நல்ல களம்: மே மாதம் வந்தது, நவம்பரில் விலக்கப்பட்டது. இரண்டு பக்கத்துக்குள் சிக்கல் என்ன, மூன்று தெரிவுகள் எவை, எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறீர்கள், எதைப் பரிந்துரைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். "எதுவும் செய்யாமல் விடுவது" கட்டாயம் ஒரு தெரிவாக இருக்க வேண்டும். புதியவர்கள் விடும் பிழை, மூன்று தெரிவில் இரண்டை வேண்டுமென்றே முட்டாள்தனமாக வைத்து மூன்றாவதை வெல்ல வைப்பது. பயிர்வாரியாகக் கட்டம் கட்டமாக நடைமுறைப்படுத்துவது, ஒரு மாகாணத்தில் முன்னோடியாகச் செய்துபார்ப்பது போன்ற உண்மையான போட்டியாளர்களை வையுங்கள்.

ஆய்வேடு

படிப்பு நின்றுபோகும் இடம் இதுதான். பரீட்சை எல்லாம் சித்தியடைந்து, ஆய்வேடு மட்டும் மிச்சமாக வருடக்கணக்கில் கிடப்பவர்கள் எல்லாத் தொகுதியிலும் இருப்பார்கள். காரணம் சோம்பல் என்று சொல்வது எளிது. உண்மையில் கேள்வி பெரிதாக இருக்கும், அல்லது தரவு இன்னொருவரின் அலுமாரியில் இருக்கும். ஆகவே பாடநெறியைத் தேர்வதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள். மேற்பார்வை செய்யக்கூடியவர் எந்த நிறுவகத்தில் இருக்கிறார் என்பதே எங்கே சேருவது என்பதற்குப் பாதி விடை.

அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசுமவை எடுத்துக்கொள்வோம். சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் 2023 ஜூலையில் ஆரம்பமானது. சட்ட அடிப்படை 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம். தெரிவு 22 குறிகாட்டிகளால். தொடக்கத்தில் மாதக் கொடுப்பனவு நான்கு வகுதிக்கு 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. "அஸ்வெசும வறுமையைக் குறைத்ததா?" என்பது முதுமாணி மாணவருக்கான கேள்வியல்ல, ஓர் அமைச்சுக்கு மூன்று வருட வேலை. குறுக்குங்கள். "கொழும்பு மாவட்டத்தில்" என்றால் 13 பிரதேச செயலகப் பிரிவு. ஒன்றை எடுங்கள். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி அடங்கிய கொழும்புப் பிரதேச செயலகப் பிரிவு என்று வைப்போம். "இங்கே வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்கள், சொந்த வீட்டாரைவிடக் குறைவாக மேன்முறையீடு செய்தனவா, செய்யாததற்கு ஆவணச் சிக்கல் எவ்வளவு காரணம்?" இப்போது இதை அளக்கலாம். ஆம், இல்லை இரண்டில் எந்த விடை வந்தாலும் எழுத விஷயம் இருக்கிறது. ஒரு விடை வந்தால்தான் ஆய்வு நிற்கும் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது தரவு. குடித்தொகை, வீட்டு வருமானச் செலவின அளவீடு, தொழிற்படை அளவீடு என்பன பத்தரமுல்லையில் உள்ள தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தில். பேரினப் பொருளாதாரம் மத்திய வங்கியில். 2023இன் புதிய மத்திய வங்கிச் சட்டத்துக்குப் பின் ஆண்டறிக்கைக்குப் பதிலாக வருடாந்தப் பொருளாதார மீளாய்வு வருகிறது, பழைய பெயரில் தேடி நேரத்தை விரயமாக்க வேண்டாம். அரச நிறுவனங்களின் உள்வீட்டுக் கதைக்குக் பாராளுமன்றத்தின் கோப் குழு (அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றியது), கோபா குழு (அரசாங்கக் கணக்குகள் பற்றியது) அறிக்கைகள். பழைய பத்திரிகைக்கும் வர்த்தமானிக்கும் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம்.

வெளியிடப்படாத தரவுக்குத் தகவலறியும் உரிமை விண்ணப்பம். தமிழிலேயே எழுதலாம்; காரணம் சொல்லத் தேவையில்லை. காலக் கணக்கைச் சரியாகப் போடுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவருக்கு மூன்று கிழமை. அதன்பின் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு. அலுவலகத் தாமதத்தையும் சேர்த்தால் நான்கைந்து மாதம் எளிதில் போய்விடும். ஆய்வு முன்மொழிவு ஏற்கப்பட்ட பிறகு விண்ணப்பிப்பவர் அந்த மாதங்களை இழக்கிறார். முன்மொழிவு எழுதும் கிழமையிலேயே அனுப்புங்கள். கேட்கும் விதமும் முக்கியம். "அஸ்வெசும பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் மறுப்பு வரும், அல்லது ஒரு துண்டுப்பிரசுரம் வரும். பயனாளிகளின் பெயர் விபரம் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமிருக்கிறது. "இந்தப் பிரதேச செயலகப் பிரிவில், கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக, விண்ணப்பித்தோர், தெரிவானோர், மேன்முறையீடு செய்தோர், ஏற்கப்பட்டோர் எண்ணிக்கை, இந்தத் திகதி முதல் இந்தத் திகதி வரை" என்று அட்டவணையின் தலைப்பையே வரைந்து இணைத்துவிட்டால் நிரப்பித் தருவது அவர்களுக்கும் சுலபம்.

கள அளவீடு செய்வதானால் மாதிரி அளவு. 95 சதவீத நம்பிக்கை மட்டம், 5 சதவீத வழுவுக்கு 385 பேர் என்பது பெரிய குடித்தொகைக்கான எண். அதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஆய்விலும் போடுகிறார்கள். மொத்தம் 2,000 குடும்பம் என்றால் சுமார் 322 போதும். பதிலளிப்பு 70 சதவீதம் என்று எதிர்பார்த்தால் 322 கிடைக்க 460 வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். மாடி வீட்டுத் தொகுதிகளில் பகலில் ஆள் இருக்காது. மாலை ஐந்துக்குப் பின்னும் ஞாயிறு காலையும் வேலை நாள்களாக வையுங்கள். ஒருவர் நாளுக்கு எட்டு வீடு முடித்தால் பெரிய காரியம். அப்படியானால் தனி ஆளுக்கு இது வார இறுதி வேலையல்ல. ஆள் பிடியுங்கள், அல்லது மாதிரியைக் குறைத்து வழுவைக் கூட்டி அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

வினாக்கொத்து கொழும்பில் குறைந்தது தமிழ், சிங்களம் இரண்டிலும் வேண்டும். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியதை இன்னொருவரிடம் கொடுத்து, மூலத்தைக் காட்டாமல் ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தில் கேள்வி பிழை. "வீட்டுத்துறை" என்று புள்ளிவிபரத் தமிழில் கேட்டால் முகத்துவாரத்தில் யாருக்கும் விளங்காது, "ஒரே உலையில் சாப்பிடுகிற ஆட்கள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். முதல் 15 பேரிடம் பரீட்சார்த்தமாகக் கேட்டு, தடுமாறும் கேள்வியை வெட்டுங்கள். அந்த 15 பேரின் விடையை இறுதித் தரவில் கலக்க வேண்டாம்.

களத்துக்கு இறங்க முன் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு அனுமதியும், பிரதேச செயலாளரின் கடிதமும் கையில் இருக்க வேண்டும். கடிதம் இல்லாமல் கிராம உத்தியோகத்தரிடம் போனால் அவர் உதவ விரும்பினாலும் பயப்படுவார். ஒழுக்கநெறி அனுமதிக்கு முன் எடுத்த தரவைப் பரிசோதகர் கண்டுபிடித்தால் அந்த அத்தியாயமே போய்விடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது: அடையாள அட்டை இலக்கத்தை எழுதிவைக்காதீர்கள், பெயருக்குப் பதில் இலக்கம் கொடுங்கள், பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பில் பூட்டிவையுங்கள்.

எழுதும்போது முதலில் முறையியல் அத்தியாயம், அடுத்து முடிவுகள், கடைசியில் அறிமுகம். இலக்கிய மீளாய்வில் தொடங்கினால் அதிலேயே எட்டு மாதம் போகும். மேற்பார்வையாளருக்கு முழு ஆய்வேட்டை ஒரே தடவையில் அனுப்பாதீர்கள். ஓர் அத்தியாயம், அதோடு நீங்கள் விடை தேடும் மூன்று கேள்வி, பதில் வேண்டிய திகதி. ஒப்புமைச் சோதனையை, அதாவது உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்திருக்கிறது என்று மென்பொருளால் பார்ப்பதை, நீங்களே முன்கூட்டி ஒரு தடவை செய்யுங்கள். சட்டப் பிரிவுகளை அப்படியே எடுத்து எழுதினாலும் சதவீதம் ஏறும். மேற்கோள் குறிக்குள் போட்டு, மிச்சத்தை உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

கட்டுக்குக் கொடுக்கும் கடையில், அட்டை நிறமும் முதுகில் எழுத வேண்டிய விபரமும் உங்கள் நிறுவகத்தின் விதிப்படி என்று காட்டும் பக்கத்தையும் கொடுத்துவிடுங்கள். வாய்மொழிப் பரீட்சைக்குப் பிறகு திருத்தம் வரும் என்பதால், அதற்கு முன் தடித்த அட்டைக் கட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.